தூற்றுப்புல்லும் தொலைந்த ஏடுகளும்

புன்மை, புல்லியர் என்னும் சொற்களை நாள்தோறும் கையாளும் நாம் புல்லை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. வேலியோரத்து மரம் ஒவ்வொன்றையும் பெயர் கூறி அழைக்கும் ஊரவனும், காலடியிற் கிடக்கும் புற்களைப் புல் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவான். அறுகு, தருப்பை, நாணல், விழல், இலாமிச்சை முதலிய சிலவே சடங்குக்கோ, கூரைக்கோ, மருந்துக்கோ உதவுவன என்ற காரணத்தால் தனிப்பெயர் பெற்றன. தொல்காப்பியர் மரபியலிலே புல்லென்றும் மரமென்றும் நிலைத்திணையைப் பகுத்துக் கூறினாராயினும், உரைகாரர் கண்முன் நின்றவை பனையும் தெங்கும் மூங்கிலும் போன்ற பெரியனவே. வரம்பிலே மிதிபடும் சிறுபுல்லைப் பற்றி வழக்குரைப்பார் எவருமிலர்.

ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு சிறுபுல்லின் வரலாறாகும். வட அமெரிக்காவின் மேற்கிலுள்ள சியரா நெவாடா, ரொக்கி ஆகிய மலைத்தொடர்களில், பனி உருகி ஈரம் ஊறி நிற்கும் புற்றரைகளிலே இது தூறு தூறாக வளர்கின்றது. அம்மண்ணுக்கே உரியது, பல்லாண்டு வாழ்வது. தெஷாம்சியா செஸ்பித்தோசா என்பது தாவரவியலார் இதற்கு வழங்கும் பெயர். யாம் இதனைத் தூற்றுப்புல் எனச் சுருங்கக் கூறுவாம். ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும், ஆபிரிக்காவின் உயர்ந்த மலைகளிலுங்கூட இவ்வினம் உண்டு. இதனை அடையாளங்காண முற்படுவோன் முன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. கண்முன் நிற்கும் தூறு அவ்வினத்தைச் சேர்ந்ததுதானா என்பது ஒன்று. அவ்வினத்துக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது, அதற்குச் சான்று யாது என்பது மற்றொன்று. முன்னையது தாவரவியல், பின்னையது வரலாறு என்று பிரித்துவிடுதல் எளிது. அவ்வாறு பிரித்தல் இயலாது என்பதே எமது துணிபு.

முதலில் புல்லைப் பார்ப்போம். நுவரெலியாவுக்கு அப்பால், 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளிக்குச் சென்று வந்தோர்க்கு மலைப் புற்றரை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. காலைப் பனியில் நனைந்த தூறுகளும், அவற்றிடையே கால் புதையும் கரிய மண்ணும் அவர்கள் நினைவில் இருக்கும். நம் மலைநாட்டுப் பத்தனைகளை ஈரப்பத்தனை, உலர்பத்தனை என 1899ஆம் ஆண்டிலேயே பியர்சன் என்பார் பகுத்தெழுதினார். அங்கே தூறு கட்டி நிற்கும் புற்களுள் முதன்மையான ஒன்று கிரைசோபோகன் என்னும் வேறொரு சாதியைச் சேர்ந்தது. சியரா நெவாடாவில் ஏறத்தாழ 2,600 மீற்றர் உயரத்திலுள்ள துவாலுமி போன்ற புற்றரைகளின் தோற்றமும் இதற்கு மிகத் தொலைவானதன்று. அங்கே குளிர்காலம் முழுவதும் நிலத்தைப் பனி மூடியிருக்கும். வேனிற்றொடக்கத்தில் அது உருகும்போது நிலத்தடி நீர் தரைமட்டத்தைத் தொடும். அந்த ஈரத்திலேதான் தூற்றுப்புல் தழைக்கின்றது.

தூற்றுப்புல்லின் தூறு நெருக்கமானது. நிலத்தினுள்ளே கிடையாக ஓடும் வேர்த்தண்டுக்கிழங்கு இதற்கு இல்லை. ஆகையாற் படர்ந்து செல்லாது, நின்ற இடத்திலேயே பருக்கும். இலை ஒடுங்கியது, பெரும்பாலும் நெடுக மடிந்தது. அதன் மேற்பரப்பிலே நெடுக்காக உயர்ந்த வரம்புகள் உள. இலையை விரித்து ஒளிக்கு நேரே பிடித்தால், வரம்புகளுக்கு இடைப்பட்ட பள்ளங்கள் வெளிறிய கோடுகளாகத் தெரியும். நுனியிலிருந்து அடிநோக்கி விரலால் உருவினால் அரம்போற் சுரசுரக்கும். அசட்டையாக இழுத்தால் விரலை அறுத்துவிடும்.

அடுத்து நோக்கவேண்டியது சிறுநா. இலைமடல் தண்டைத் தழுவி வந்து, இலைப்பரப்பு விரியும் இடத்திலே, உட்புறமாக நிற்கும் மெல்லிய சவ்வே சிறுநாவாகும். நம் கமக்காரர் இதன் பெயரை அறியாராயினும் பயனை அறிவர். நெல்லைப் போலத் தோன்றி நெல்லோடு வளரும் களைப்புல் ஒன்றில் இச்சிறுநா அறவே இல்லை; களை பிடுங்குவோன் கண் அவ்விடத்துக்குத்தான் செல்கின்றது. தூற்றுப்புல்லின் சிறுநா நீண்டது, வெண்ணிறமானது, நுனி கூரியது. பூங்கொத்தோ விரிந்து, கூம்புபோல் அமைந்து, காற்றுக்குத் தலைசாய்ந்து நிற்கும். அதன் சிறுகதிர்கள் வெள்ளியும் ஊதாவும் கலந்து மினுங்கும். தொலைவிலிருந்து பார்ப்போர்க்குப் புற்றரைமேல் ஒரு மெல்லிய புகை படிந்தாற்போலத் தோன்றும்.

ஆயினும் இவ்வளவும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. ஈரப் புற்றரையிலே தூறு கட்டும் புற்கள் வேறும் உள. விரிந்த பூங்கொத்துடையனவும் உள. தீர்ப்புக் கூறுவது சிறுகதிரே. ஒரு சிறுகதிரை நகத்தின்மேல் வைத்துக் கைவில்லையாற் பார்த்தல் வேண்டும். வெளியுமிகள் இரண்டும் சிறுகதிரின் நீளத்துக்கு ஏறத்தாழ ஒத்தவை. உள்ளே பெரும்பாலும் இரண்டு பூக்கள் இருக்கும். மேற்பூவைக் கடந்தும் அச்சு நீண்டு, மயிரடர்ந்த முள்போல் முடியும். ஒவ்வொரு பூவின் உமியும் நுனியிலே வெட்டினாற்போல் மழுங்கிப் பற்களாகப் பிளந்திருக்கும். சில நெல்லினங்களின் உமியில் வால்போல் நீளும் கூரை நாம் கண்டிருக்கின்றோம். இப்புல்லிலே அக்கூர் உமியின் நுனியிலிருந்து எழாது, முதுகிலே அடிக்கு அண்மையிலிருந்து எழுகின்றது. இக்குறிகள் ஒருங்கு கூடினால் ஐயமில்லை. கலமகுரோஸ்திசு என்னும் புல்லும் அப்புற்றரைகளிலேயே வளர்வது. அதன் சிறுகதிரில் முற்றியது ஒரு பூவே. பூவின் அடியிலே நீண்ட மயிர்க்கற்றையும் உண்டு. பரவும் வேர்த்தண்டுக்கிழங்கும் உண்டு. திரிசெத்தம் என்பதில் கூர் உமியின் மேற்பாதியிலிருந்து எழும். போவா என்னும் சாதியிற் கூரே இல்லை. இலைநுனி தோணியின் அணியம்போற் குவிந்திருக்கும். தெஷாம்சியா சாதியிலேயே ஓராண்டுப் புல் ஒன்றும், ஒடுங்கிய பூங்கொத்துடைய வேறொன்றும் உள; பிடுங்கி வேரைப் பார்த்தால் முன்னையதும், கொத்தைப் பார்த்தாற் பின்னையதும் விலகிவிடும்.

கூர் எழும் இடமும் உமியின் நுனியும் இத்துணை முக்கியம் பெற்றது எவ்வாறு? இங்கேதான் வரலாறு புகுகின்றது.

இப்புல்லுக்கு முதன்முதல் இருசொற் பெயரிட்டவர் சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ். 1732இல், இருபத்தைந்து வயது இளைஞராக, வடபுலத்து லாப்லாந்திலே தனியே சுற்றித் தாவரங்களை ஆராய்ந்தவர் அவர். 1753இல் வெளியிட்ட பெருநூலில், அதுவரை ஒரு முழு வசனமாக நீண்டு கிடந்த தாவரப் பெயர்களுக்குப் பதிலாகச் சாதிப்பெயர் ஒன்று, இனப்பெயர் ஒன்று என இரண்டு சொற்களை அமைத்தார். மூன்று கேசரமும் இரண்டு சூல்தண்டும் உடைய புற்கூட்டத்திலே, ஐரா செஸ்பித்தோசா என்ற பெயரில் நம் தூற்றுப்புல்லும் இடம்பெற்றது. செஸ்பித்தோசா என்பது மண்ணோடு கூடிய புற்கட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. தூறு என்னும் பொருள் அன்றே பெயரில் ஏறிவிட்டது. பிற்காலத்தார் இலத்தீன் இலக்கணத்தை முன்னிட்டு அச்சொல்லின் எழுத்தைத் திருத்தி எழுதினர். இன்று லின்னேயஸ் எழுதியவாறே எழுதவேண்டுமெனக் கொள்ளப்படுகின்றது. இரண்டெழுத்தும் நூல்களிற் காணப்படுதலின் மாணாக்கர் மயங்கற்க.

லின்னேயஸ் நம் நாட்டுக்கும் தொடர்புடையவர். அவர் இலங்கைக்கு வந்ததில்லை. பதினேழாம் நூற்றாண்டின் எழுபதுகளில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இங்கே பணியாற்றிய ஹேர்மன் என்பார் நம் நாட்டுச் செடிகளை உலர்த்தி ஏடுகளில் ஒட்டிச் சேர்த்தார். அவர் இறந்த பின்னர் அவ்வேடுகள் எங்கே போயின என்பது தெரியாதிருந்தது. 1744இல் கோப்பன்கேகன் நகரத்து மருந்து வாணிகர் ஒருவர் கையில் அவை வெளிப்பட்டு, லின்னேயசிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றை வைத்தே அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதினார். அவ்வேடுகள் வெளிப்படாதிருந்தால் அந்நூல் இல்லை. உலர்ந்த செடி ஒட்டிய தாளும் ஓர் ஆவணம், கல்வெட்டையும் செப்பேட்டையும் போல. தொலைந்தால் வரலாற்றில் ஓட்டை விழும்.

லின்னேயஸ் வகுத்த ஐரா சாதி மிக விரிந்தது. ஒன்றோடொன்று ஒவ்வாத பல புற்கள் அதில் அடங்கிக் கிடந்தன. அதனைப் பிரித்தவர் பிரெஞ்சு நாட்டவராகிய பலிசோ த போவா. 1812இல் அவர் புல்லியல் பற்றி வெளியிட்ட நூலிலே, புல்லின் பூவுறுப்புக்களைத் தனித்தனி நுணுகி ஆராய்ந்து, உமியின் நுனி, கூரின் இடம் என்பவற்றைச் சாதிக்குறிகளாகக் கொண்டார். நுனி இரண்டாகக் கூர்ந்து பிளந்த உமியையுடைய சிறிய ஓராண்டுப் புற்கள் இன்று ஐரா என்னும் பெயரோடு நிற்கின்றன. நுனி மழுங்கிப் பல்லுற்ற பல்லாண்டுப் புல்லுக்குத் தெஷாம்சியா எனப் புதுப்பெயர் சூட்டினார். நாம் மேலே நகத்தின்மேல் வைத்துப் பார்த்த குறிகள் இவர் வழிவந்தவையே. நூலில் அவர் மிகையாகவும் பிரித்தார் என்பது பின்வந்தோர் குறை. அவர் அமைத்த சாதிகள் சில நிலைக்கவில்லை. தெஷாம்சியா நிலைத்தது.

பலிசோவின் வாழ்க்கை இழப்புக்களின் வரிசை. 1786இல் ஆபிரிக்காவின் பெனின் கரைக்குச் சென்று செடி சேர்த்தார்; நோயுற்று அங்கிருந்து மேற்கிந்தியத் தீவாகிய சந்தொமிங்குவுக்கு நீங்கினார். அத்தீவின் அடிமைகள் விடுதலைக்காகக் கிளர்ந்தெழுந்தபோது அவர் ஆள்வோர் பக்கமே நின்றார் என்பதையும் மறைத்தலாகாது. 1793இல் அத்தீவின் பெருநகர் ஒன்று எரிந்தபோது அவர் சேகரிப்பும் எரிந்தது. கையில் ஒன்றுமின்றிப் பிலதெல்பியாவை அடைந்து, பாடஞ்சொல்லியும் சர்க்கஸ் இசைக்குழுவில் வாத்தியம் வாசித்தும் வயிறு வளர்த்தார். அங்கே சேர்த்த மாதிரிகளும் தாயகத்துக்கு அனுப்பப்பட்ட வழியிலே கப்பலோடு மூழ்கின. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த செய்தியை அறிந்த நம்மவர்க்கு, ஏடு எரிதல் என்றால் என்னவென்று விரித்துரைத்தல் வேண்டா.

இத்துணை இழந்த ஒருவர் தாம் வகுத்த சாதிக்கு யார் பெயரைச் சூட்டினார்? தம்மைப் போலவே அனைத்தையும் இழந்த ஒருவரின் பெயரை. லூயி ஒகுஸ்தே தெஷாம் என்பார் 1765இல் சந்தொமேர் என்னும் ஊரிற் பிறந்தவர், வைத்தியர். பலிசோ பிறந்தது அராஸ் நகரம். இரண்டும் ஆர்த்துவா என்னும் ஒரே மாகாணத்தவை.

பசிபிக் கடலிலே காணாமற்போன லாபெரூஸ் என்னும் கடலோடியைத் தேடுவதற்காகப் பிரான்சு 1791 செப்ரெம்பரில் இரண்டு கப்பல்களை அனுப்பியது. தலைவர் தாந்திரகாஸ்தோ. தெஷாம் அவற்றுள் ஒன்றில் வைத்தியராகவும் இயற்கை ஆராய்வாளராகவும் சென்றார். 1793 மேயில் அக்கப்பல்கள் வனிக்கோரோத் தீவைத் தொலைவிற் கண்டன, இறங்கவில்லை. லாபெரூஸின் கப்பல்கள் உடைந்து கிடந்தது அத்தீவிலேதான் என்பது 1820களின் பிற்பகுதியிலேதான் வெளியாயிற்று. ஜூலையில் தாந்திரகாஸ்தோ நோயால் இறந்தார். எஞ்சியோர் ஒக்டோபரில் யாவாவின் சுரபாயாத் துறைமுகத்தை அடைந்தபோது, தங்கள் அரசன் கொல்லப்பட்டதையும், தங்கள் நாடு ஒல்லாந்தரோடு போர் தொடங்கிவிட்டதையும் அறிந்தனர். அரசபக்தரும் குடியரசுவாதிகளுமாகப் பிளந்த அவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தனர். முடிவில் கப்பல்கள் ஒல்லாந்தர் கையிற் சென்றன. யாழ்ப்பாணக் கோட்டையில் அப்பொழுது பறந்ததும் அதே கம்பனியின் கொடி; 1795இல்தான் அது இறங்கியது.

அக்கப்பல்களில் வந்த மற்றோர் ஆராய்வாளர் லாபிலார்தியே. குடியரசுவாதியாதலாற் சிறைப்பட்டார், அவர் சேகரிப்பு சுற்றிச் சுழன்று ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆயினும் இலண்டனிலிருந்த யோசேப்பு பாங்ஸ், அறிவியலுக்குப் பகையில்லை என்று வாதாடி, 1796இல் அதனை உரியவரிடமே சேர்ப்பித்தார். அவர் எழுதிய அவுஸ்திரேலியத் தாவரநூல் இன்றும் போற்றப்படுகின்றது.

தெஷாமுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. ஒல்லாந்த ஆளுநர் அழைப்பை ஏற்று அவர் யாவாவிலே தங்கினார். தீவின் பல பாகங்களையும் சுற்றிக் குறிப்பெழுதினார், படம் வரைந்தார், யாவாத் தாவரநூல் ஒன்றுக்கு வேண்டிய பொருள்களைத் திரட்டினார். 1797இல், இலையும் தண்டுமின்றி வேறொரு கொடியின் உடலை உறிஞ்சி வாழும் விந்தைப் பெரும்பூவைக் கண்டு எழுதினார். ஆனால் தாயகம் மீளும் வழியிலே அவர் சென்ற கப்பலை ஆங்கிலேயர் பிடித்தனர். ஏடுகள் யாவும் அவர்கள் வசமாயின. இம்முறை திருப்பிக் கொடுக்கச் சொல்வார் எவருமிலர். 1818இல் றாபிள்சும் ஆனோல்டும் சுமாத்திராவில் அத்தகைய பூவைக் கண்டனர். 1821இல் றொபேட் பிறவுணின் கட்டுரை அச்சேறியது. உலகின் மிகப்பெரிய பூக்களைப் பூக்கும் அச்சாதி றாபிள்சியா ஆயிற்று. தெஷாமோ சந்தொமேரிலே வைத்தியம் பார்த்து 1842இற் காலமானார். அவர் ஏடுகள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலே கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1954இல் வான் ஸ்டீனிஸ் முதலியோர் அவற்றை ஆராய்ந்து எழுதிய பின்னரே அவர் கண்டவை இன்னவென்பது அறிஞருலகுக்குப் புலனாயிற்று. உலகின் பெரும்பூ வேறொருவர் பெயரைத் தாங்க, அவருக்கு எஞ்சியது புல்.

இங்கே வரலாற்று மாணாக்கர் இரசிக்கத்தக்க ஓர் உடனிகழ்ச்சியைக் குறிப்பிடல் தகும். தெஷாமின் கப்பல்கள் பிரான்சை விட்டு நீங்கிய அதே 1791 செப்ரெம்பரில், ஸ்பானியர் அனுப்பிய மலஸ்பீனாவின் கப்பல்கள் கலிபோர்ணியாவின் மொன்றறேக் குடாவில் நங்கூரமிட்டு நின்றன. அவற்றில் வந்த பொகீமிய நாட்டவராகிய ஹேங்கே அங்கே கரையோரப் புல்லொன்றைச் சேர்த்தார். (இந்த ஹேங்கே, கப்பலை ஸ்பெயினிலேயே தவறவிட்டு, வேறு கப்பலேறி, அதுவும் உடைய, தென்னமெரிக்காவைக் குறுக்கே கடந்து சிலியிற் போய்ச் சேர்ந்தவர். அவர் கதை தனிக்கட்டுரைக்கு உரியது.) தேடப்பட்ட லாபெரூசும் அதற்கு ஐந்தாண்டு முன் அதே குடாவில் இறங்கியவரே. ஹேங்கேயின் மாதிரிகள் பிராக் நகரத்தை அடைந்தன. 1830இல் பிரெசுல் அப்புல்லைத் தெஷாம்சியா ஒல்சிபோர்மிஸ் எனப் பெயரிட்டு வெளியிட்டார். தெஷாம் பெயரால் அமைந்த சாதியிலே, அவர் புறப்பட்ட மாதத்திற் பறித்த புல் போய்ச் சேர்ந்தது.

இக்கரையோரப் புல் மலைத் தூற்றுப்புல்லின் வேறான இனமா, அன்றி அதன் உட்பிரிவா? இது நெடுங்காலம் வழக்காடப்பட்ட வினா. கரையோரத்ததன் பூங்கொத்து செறிந்தது, சிறுகதிர் பெரியது; மலையிலுள்ளதன் கொத்து விரிந்தது, சிறுகதிர் சிறியது. இரண்டுக்கும் இடைப்பட்டனவும் உள. தனி இனம் என்பார் ஒருசாரார். உட்பிரிவு என்பார் மற்றொருசாரார். உலர்ந்த மாதிரியை மட்டும் வைத்து வாதிட்டால் இதற்கு முடிவில்லை. ஏனெனிற் புல்லின் உருவம் குடிப்பிறப்பினால் ஆவது எவ்வளவு, வளர்ந்த இடத்தால் ஆவது எவ்வளவு என்பதை உலர்ந்த தாள் கூறாது.

ஆகவே கார்ணகி நிறுவனத்தார் வேறொரு வழியை நாடினர். கலிபோர்ணியாவிலே கடல்மட்டத்துக்கு அண்மையில் ஸ்ரான்போட்டிலும், 1,400 மீற்றர் உயரத்தில் மேதரிலும், 3,050 மீற்றர் உயரத்தில் மரவெல்லைக்கு அருகிலுமாக மூன்று தோட்டங்கள் அமைத்தனர். ஒரே செடியைப் பிளந்து மூன்றிலும் நட்டு ஒப்புநோக்கினர். தூற்றுப்புல் இதற்கு மிக வாய்ப்பானது. ஒரு தூற்றைப் பிரித்தால் வேண்டியவளவு கன்று கிடைக்கும். 1945இல் லோரன்சு என்பார் இப்புல் பற்றிய முடிவுகளை வெளியிட்டார். வெளிக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்வினத்தினுள், தத்தம் இடத்துக்கு ஏற்றவாறு பிறப்பிலேயே அமைந்த வெவ்வேறு வகுப்புக்கள் உள என்பது தெளிவாயிற்று. மலையில் வாழ்வது வேறு, கரையில் வாழ்வது வேறு. இடம் மாற்றி நட்டாலும் வேற்றுமை முற்றாக நீங்குவதில்லை. பெயர் ஒன்றாயிருத்தல் பொருள் ஒன்றாயிருத்தலைக் காட்டாது என்பது சொல்லாராய்ச்சியாளர் நன்கறிந்த உண்மையே.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்று வினவுவோர்க்கு விடை, மலைப்புற்றரையின் சொந்த வரலாற்றிலே உள்ளது.

கலிபோர்ணியாவில் 1861–62இற் பெருவெள்ளமும், அதனையடுத்து 1862 முதல் 1864 வரை கொடிய வறட்சியும் நிகழ்ந்தன. தாழ்நிலத்துப் புல் கருகியபோது மந்தையாளர் தம் ஆடுகளை மலைக்கு ஓட்டினர். வேனில்தோறும் பெருமந்தைகள் உயர்ந்த புற்றரைகளை மேய்ந்தன. 1869இல் அவ்வாறு சென்ற ஒரு மந்தையோடு துவாலுமிப் புற்றரையை அடைந்த இளைஞர் யோன் மூயிர், பின்னர் அம்மந்தைகளுக்கே பெரும் பகைவரானார். 1890இல் யோசமிற்றி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1891 முதற் குதிரைப்படையினர் ஆடுகளை வெளியேற்றினர். இடையிற் கழிந்தது கால் நூற்றாண்டுக்குச் சற்று மேல். புல்லுக்கு அது நீண்ட காலம்.

ஆடு உண்பதால் மட்டும் புற்றரை அழிவதில்லை. மிதிபட்ட கரை இடிகின்றது; வேர் பிடிப்பிழந்த மண்ணை ஓடை அரித்துச் செல்கின்றது; ஓடை ஆழமாகின்றது; ஆழமான ஓடை புற்றரையின் நிலத்தடி நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கின்றது. நீர்மட்டம் தாழ்ந்தபின் ஆடுகளை அகற்றினாலும் பழைய நிலை தானே மீள்வதில்லை. வறண்ட புற்றரையிலே காட்டு மாசிபத்திரிப் புதர் ஏறும். ஐரோப்பாவிலிருந்து வந்த மேய்ச்சற் புல் பரவும். கால்நடை விரும்பியுண்பதும், ஈரத்தை நம்பி வாழ்வதும் ஆகிய தூற்றுப்புல் இரண்டு வகையாலும் தோற்றுவிடுகின்றது. இதே இனத்தைப் பிரித்தானியக் கமக்காரர் மாடு தொடாத முரட்டுக் களை என்று வெறுப்பது ஒரு வியப்பு. மற்றொரு வியப்பு, கனடாவின் சட்பரியில் உலோகம் உருக்கும் ஆலைகளின் புகையால் நஞ்சேறிய நிலத்திலே இது தானாகவே குடியேறியது. நஞ்சைத் தாங்கிய புல், சியராவில் நீரிழப்பைத் தாங்கவில்லை.

ஆடு வருமுன் அப்புற்றரைகளில் என்ன இருந்தது? இவ்வினாவுக்கு எழுத்துச் சான்று மிக அருமை. நில ஆய்வாளராகிய புறூவர் 1863இலேயே துவாலுமியைக் கண்டார். தாவரம் சேர்ப்போர் தொடர்ந்து வந்தனர். அதாவது, சாட்சியும் ஆடும் ஏறக்குறைய ஒரே வேளையில் மலையேறினர். அதற்கு முன் அங்கே தலைமுறை தலைமுறையாக வேனிற் குடியிருந்த மீவொக், பையூற் மக்கள் அப்புற்றரைகளை நன்கறிந்திருப்பர். 1851இல் படைகொண்டு அவர்களைத் துரத்தியோர் அவர்களிடம் புல்லைப் பற்றிக் கேட்கவில்லை. எஞ்சிய சான்று புற்றரையே. ஓடைக்கரையின் வெட்டுமுகத்திலே படிந்த கரிய மண், நீர் ஊறிய காலத்தைக் காட்டுகின்றது. ஈரம் தங்கிய மூலைகளில் எஞ்சி நிற்கும் தூறுகள், முன்பு பரந்திருந்த கூட்டத்தின் சிதறலாக வாசிக்கப்படுகின்றன. சிதைந்த கல்வெட்டிலே எஞ்சிய எழுத்துக்களை வைத்து முழுவரியை மீட்பவன் செய்வதும் இதுவே. எழுத்தைப் பிழையாகப் படித்தால் வரி பிழைக்கும். கலமகுரோஸ்திசைத் தூற்றுப்புல் என்று எழுதிவிட்டால் அப்புற்றரையின் பழைய நீர்நிலை பற்றிய முடிவும் கெடும்.

இன்று சியரா நெவாடாவின் பல புற்றரைகளில், ஆழ்ந்துபோன ஓடைகளை மண்ணிட்டு உயர்த்தி, நிலத்தடி நீரை மீண்டும் மேலே கொணரும் பணி நடைபெறுகின்றது. நீர் உயர்ந்த இடத்திலே தூற்றுப்புல்லின் கன்றுகளை நடுகின்றனர். கன்றுக்கு விதை எங்கிருந்து எடுப்பது என்பதிலேதான் பழைய வழக்கு திரும்பவும் எழுகின்றது. செஸ்பித்தோசா என்னும் ஒரே பெயரிட்ட பையிலே கரையோர விதையும் இருக்கலாம், ஐரோப்பிய விதையும் இருக்கலாம். உமியும் கூரும் அவற்றைக் காட்டிக்கொடாமற் போகலாம். ஆதலின் விதைப்பையின்மேல் இனப்பெயரோடு, விதை எடுத்த புற்றரையும் அதன் உயரமும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் எனப் பணிசெய்வோர் வற்புறுத்துகின்றனர். கூடுமானால் அதே பள்ளத்தாக்கில், ஈரமூலையில் எஞ்சிய தூறுகளிலிருந்தே விதை எடுக்கின்றனர்.